பாதி மொட்டை

நான் கோபக்காரி. இதை மூடி வைத்துவிட்டு எழுதினால் கதை நகராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற பெண்களில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. ஜீப் ஓட்டுகிறவர். காலையில் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் இறக்கிவிடுவார். சண்டை என்று வந்தால் நான் ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசுவேன், அவர் வாயே திறக்காமல் உயிரை எடுப்பார். எங்கள் சண்டை பாதிக்கு மேல் ஒரே விஷயத்துக்குத்தான். மகளை ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போகாதே என்பார். நான் கூட்டிக்கொண்டு போவேன்.

அவளுக்கு அப்போது மூன்றாவது வயது நடந்துகொண்டிருந்தது. இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள், என்னைவிடப் பெரிய வாய். ஆனால் அந்த மூன்று நாட்களை நினைத்தால் எனக்கு எல்லாமே அரைத் தூக்கத்தில் பார்த்த மாதிரிதான் வருகிறது. எது முன்னால், எது பின்னால் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. இடையில் இருந்ததெல்லாம் மலைப் பனி மாதிரி மஞ்சு மூடிக் கிடக்கிறது.

ஸ்டோரே அப்படிப்பட்ட இடம்தான். காய் உலர்த்துகிற அறையிலிருந்து சூடான காற்று கசிந்துகொண்டே இருக்கும். வெளியே கண்ணாடியில் மேகம் வந்து உட்கார்ந்திருக்கும், உள்ளே பச்சை ஏலக்காய் வாசனை தொண்டை வரைக்கும் இறங்கும். மதியத்துக்கு மேல் அங்கே யாருக்கும் கண் தானாகச் சொருகும். கைகள் காயைப் பிரித்துக்கொண்டிருக்கும், மனசு எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும். அன்று அங்கன்வாடிக்கு லீவு. மகள் என் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளில் ஏறி, இறங்கி, தானாக ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது. அது நின்றதை நான் கவனிக்கவில்லை.

தொப்பென்று ஒரு சத்தம். மூட்டைதான் சரிந்தது என்று நினைத்தேன். திரும்பினால் சிமெண்டுத் தரையில் அவள் கிடக்கிறாள். என் நெஞ்சு உயரம் இருக்கும் அந்த அடுக்கு.

வாரி எடுப்பதற்குள் வீல் என்று அழுதுவிட்டாள். அழுதாளா, அப்படியானால் ஒன்றுமில்லை என்று சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மூச்சு விட்டோம். வலது காதுக்கு மேலே, அடர்ந்த முடிக்குள், எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துக்கொண்டு வந்தது. எவர்சில்வர் டம்ளரை வைத்து அழுத்தினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். வாயில் ஒரு கை சர்க்கரை போட்டேன். பத்து நிமிஷத்தில் அழுகை நின்றது. பிஸ்கட் கேட்டாள். கொடுத்தேன், தின்றாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிற மலையாளி அக்கா ஒருத்தி மட்டும் விடவில்லை. சேச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"மோளே, இது தலையாக்கும். ஆசுபத்திரியில காணிச்சிட்டு வீட்டுக்குப் போ."

"உங்களுக்குத் தும்முனாலும் ஆஸ்பத்திரிதான் சேச்சி. பிள்ளைன்னா விழுகத்தான் செய்யும். அவ பிஸ்கட் திங்கிறதைப் பாருங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போனது. தன் காய்க் குவியலுக்குத் திரும்பிக்கொண்டாள். என்னிடம் இரண்டாவது தடவை யாரும் எதையும் சொல்வதில்லை.

நான் ஏன் போகவில்லை? மறுநாள் அவளுக்கு மொட்டை. கம்பத்துக்கு அந்தப் பக்கம், வயக்காட்டு நடுவில் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலில். இரண்டு தடவை நாள் குறித்து இரண்டு தடவையும் தள்ளிப்போனது. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், இன்னொரு தடவை மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் முடி எடுக்க வேண்டும். என் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலம்தான் வந்து இறங்கினான். இந்த நேரத்தில் பிள்ளை விழுந்துவிட்டாள் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் முதலில் ஸ்டோர் சண்டையை எடுப்பார், அடுத்து, சாமி காரியத்துக்கு முன்னால் இப்படி ஒரு தடங்கலா என்று பயணத்தையே நிறுத்துவார். எண்ணெய் தேய்த்த தலை, அடர்ந்த முடி. வெளியே ஒன்றும் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

காலையில் கிளம்பும்போது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மஞ்சு. அவர் ஓட்டினார், தம்பி முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பம்மெட்டு தாண்டி இறக்கம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் மேகத்துக்குள் போனோம், வெளியே வந்தோம், மறுபடி போனோம். காது அடைத்துக்கொண்டது. பேசுகிற சத்தமெல்லாம் தூரத்தில் கேட்டது.

மூன்றாவது வளைவோ நான்காவது வளைவோ, மகள் வாந்தி எடுத்தாள்.

எங்கள் மலையில் வாந்தி என்பது வியாதி இல்லை. அது ரோட்டோடு சேர்ந்தது. கம்பத்துக்கு இறங்குகிற எந்த வண்டியிலும் ஒரு கட்டு பாலித்தீன் கவர் தொங்கும், ஒரு எலுமிச்சம்பழம் உருண்டுகொண்டிருக்கும். வாந்தி எடுத்தவரைப் பார்த்து யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள், கவரைத்தான் நீட்டுவார்கள். தம்பியும் திரும்பிப் பார்க்காமலே கவரை நீட்டினான்.

"கொண்டை ஊசின்னா அப்பிடித்தான்க்கா. பழத்தை மோந்து பாக்கச் சொல்லு."

என் வீட்டுக்காரருக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது. "என் மகளாடா வாந்தி எடுக்குறா? நான் என்ன லாரியா ஓட்டுறேன்?"

"நீங்க ஓட்டுற ஓட்டுக்கு எனக்கே குமட்டுது மச்சான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் ஜீப்பில் வளர்ந்தவள். கைக்குழந்தையிலிருந்து இந்த வளைவுகளில் ஏறி இறங்கி, பின் சீட்டில் குறுக்கே படுத்துத் தூங்கிப் பழகியவள். கூட வருகிறவர்கள் எல்லாம் வாந்தி எடுத்தாலும் அவள் நடுவில் உட்கார்ந்து முறுக்குத் தின்பாள். ஒரே ஒரு தடவைகூட எடுத்ததில்லை. இன்னும் சில வளைவுகள் தாண்டி மறுபடி எடுத்தாள். நான் அவள் வாயைத் துடைத்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தேன். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழே இறங்கியதும் வெயில். மஞ்சு போன இடம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், அதற்கு அப்பால் தென்னை, சூடான காற்றில் எல்லாம் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. மகள் தூங்கிவிட்டாள். காலையில் சீக்கிரம் எழுப்பியதால் தூங்குகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுடைய உச்சந்தலை வாசனையும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து எனக்கும் கண்ணைச் செருகியது. கொஞ்ச நேரம் நானும் தூங்கிப்போனேன் என்று நினைக்கிறேன். கனவில் யாரோ மூட்டைகளை இறக்கிக்கொண்டே இருந்தார்கள்.

கோயில் என்பது ஒரு மேடை, இரண்டு கல், ஒரு வேப்பமரம், பக்கத்தில் வாய்க்கால், அவ்வளவுதான். முடி எடுக்கிறவர் எங்களுக்கு முன்பே வந்து துணியை விரித்து உட்கார்ந்திருந்தார். எங்கள் வகையறாப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர்தான் எடுப்பார், எனக்கும் தம்பிக்கும்கூட அவர்தான் எடுத்தாராம். தம்பி வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மகளை அவன் மடியில் வைத்தோம். அவள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

அவர் தலையை நனைத்து இடது பக்கத்தில் தொடங்கினார். முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. சாதாரணமாக என் மகள் சீப்பை எடுத்தாலே ஊரைக் கூட்டுவாள். அன்று அசையவில்லை.

"எவ்வளவு சமத்தா இருக்கா பாருக்கா, என் மருமகளா கொக்கா" என்றான் தம்பி.

நான் அவன் மடியில் கிடந்த அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது பக்கம் முடிந்தது. அவர் அவள் தலையைத் திருப்பி, வலது பக்கம் தண்ணீரைத் தடவினார். கை அங்கேயே நின்றது. இரண்டு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தொட்டார்.

"தாயி, பிள்ளை எங்கிட்டாச்சும் விழுந்துச்சா?"

"இல்லையேண்ணே" என்றார் என் வீட்டுக்காரர்.

"மெத்து மெத்துன்னு இருக்கு. உள்ளுக்குள்ள தண்ணி கட்டுன மாதிரி. அடிபட்ட வீக்கம்னா கல்லு மாதிரி இருந்துட்டு வத்தும். இது அப்பிடி இல்ல. நான் கத்தி வைக்க மாட்டேன்."

தம்பி பதறினான். "அண்ணே, பாதியில நிறுத்துனா சாமி குத்தம் ஆயிரும்ணே. அந்த இடத்தை விட்டுட்டு மிச்சத்தை எடுங்க."

"மொட்டை எங்கிட்டும் ஓடிப் போயிறாது தம்பி" என்று சொல்லி அவர் கத்தியை மடக்கினார். பிறகு அவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தார். "சொல்லு தாயி. விழுந்துச்சா?"

ஊரே பயப்படுகிற என் வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. மகளுடைய தலை தம்பியின் கைமடிப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு பாதி வழவழவென்று, இன்னொரு பாதி முடியோடு.

"நேத்து மத்தியானம். ஸ்டோர்ல மூட்டை அடுக்குல இருந்து."

என் வீட்டுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தேவலாம். குனிந்து, துண்டோடு மகளைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார்.

தேனியில் ஒரு ஆஸ்பத்திரி. சின்ன வயசு டாக்டரம்மா. பாதி மொட்டையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு, விழுந்ததும் அழுதாளா, மயங்கினாளா, வாந்தி எடுத்தாளா என்று வரிசையாகக் கேட்டார்.

"ரெண்டு வாட்டி எடுத்தா. அது வளைவுல வந்ததுனால" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்ல" என்றேன் நான். "இவ ஜீப்புல என்னைக்குமே வாந்தி எடுத்ததில்ல, மேடம். இது வளைவுனால இல்ல."

டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மகளின் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினார். கஷ்டப்பட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"பாப்பாவுக்கு எங்க வலிக்குது? சொல்லுங்க பாக்கலாம்."

மகள் டாக்டரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும், உதடு மட்டும் அசைகிற குரலில் கேட்டாள்.

"சொல்லலாமாம்மா?"

இதை இவ்வளவு நேரம் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். தலை வலிக்குதுன்னு அப்பாகிட்ட சொல்லக்கூடாது, சொன்னா அப்பா நம்மளைத் திட்டுவாக, சரியா தாயி? சரிம்மா என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். ராத்திரி முழுக்க, அந்த வளைவுகளில் வாந்தி எடுத்தபோது, கத்தி தலைமேல் ஓடியபோது, எல்லா நேரமும். மூன்று வயதுகூட நிறையாத பிள்ளை.

"சொல்லு தாயி" என்றேன். "எல்லாத்தையும் சொல்லு."

அவள் கையைத் தூக்கிக் காதுக்கு மேலே வைத்தாள். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையோட்டில் முடி கனத்துக்கு ஒரு விரிசல், அதற்கு உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது. "அடி சின்னதுதாம்மா. நெறையப் பிள்ளைங்க இப்படி விழுந்து ஒண்ணும் ஆகாம எழுந்து ஓடிருங்க. ஆனா சில பிள்ளைங்களுக்கு உள்ளுக்குள்ள மெதுவா இப்படி ஆயிரும், வெளிய நல்லா விளையாடிட்டு இருப்பாங்க. வாந்தியும் தூக்கமும்தான் அது நமக்குக் குடுக்குற தகவல்" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மதுரைக்கு அனுப்பினார். நாளைக்கு மறுபடி ஒரு ஸ்கேன், ரத்தம் கூடியிருந்தால் தலையைத் திறக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் படுக்கையில் வைத்துக் கண்காணித்தாலே போதும் என்றார்.

மதுரையில் மறுநாள் முற்பகல். ஸ்கேன் அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தம்பி டீ வாங்கப் போயிருந்தான். நீளமான வராந்தா, ஜன்னல் வழியாக வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் கிடந்தது. ஆட்கள் அதன் மேல் நடந்து போனார்கள், ஒருவர் முகமும் மனசில் நிற்கவில்லை. முதல் நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நேத்து காலையில ஜீப்புல ஏத்தப் போனப்ப அவ தடுமாறுனா. கால் பின்னிக்கிட்டு ஒரு பக்கமாச் சாஞ்சா. நான்தான் புடிச்சேன்."

"பாத்தீங்களா? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ. ரெண்டு வாட்டி தள்ளிப்போச்சு, இப்பவும் நீங்கதான் ஏதாச்சும் சொல்லித் தடுக்குறீங்கன்னு தையா தக்கான்னு குதிப்ப. தம்பி வேற வந்திருக்கான். தூக்கக் கலக்கம்னு நினைச்சுக்கிட்டேன்."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவருக்குப் பயந்து நான் மறைத்தேன், எனக்குப் பயந்து அவர் மறைத்தார், எங்கள் இரண்டு பேருக்கும் பயந்து அந்தப் பிள்ளை வலியை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். பெஞ்சில் நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம்பி கொண்டுவந்த டீ ஆறி ஆடை கட்டிப்போனது, குடிக்கத் தோன்றவில்லை.

ரத்தம் கூடவில்லை. தலையைத் திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள். நர்ஸ் எங்களிடம் ஒரு வேலை கொடுத்தார். ஒரேயடியாகத் தூங்க விட்டுவிடாதீர்கள், நான் சொல்லும்போதெல்லாம் எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள், முழித்துச் சரியாகப் பதில் சொல்கிறாளா பாருங்கள், இல்லையென்றால் உடனே கூப்பிடுங்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மதிய வெயிலில் வார்டே மயங்கிக் கிடந்தது. காற்றாடி சுற்றுகிற சத்தத்தில் எனக்கு மறுபடி ஸ்டோர் ஞாபகம் வந்தது, கையைக் கிள்ளி விழித்துக்கொண்டேன்.

முதல் தடவை எழுப்பினோம். முனகிவிட்டுத் தூங்கினாள். இரண்டாம் தடவை, கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நான் நர்ஸைப் பார்க்கிறேன், நர்ஸ் மகளைப் பார்க்கிறார். மூன்றாம் தடவை அவள் காதருகே குனிந்து, "தாயி, ஏ தாயி, நான் யாருன்னு சொல்லு" என்று தோளை அசைத்தேன்.

பளாரென்று என் கையைத் தட்டிவிட்டாள்.

"எழுப்பாத! தலை வலிக்குது எனக்கு!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பா, தலை வலிக்குதுன்னு சொல்றேன்ல, அம்மாவைப் போகச் சொல்லு!" என்று இன்னும் உரக்கக் கத்தினாள். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அப்படித்தான் இருந்தேன். என் மகள் வலிக்கிறது என்று ஊரைக் கூட்டிக் கத்துகிறாள், சொல்லலாமா என்று யாரையும் கேட்கவில்லை.